பிரேக் பிடித்தும் நிற்காத வண்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த புகார்

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் இடையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். “பிரேக் பிடிக்கல” என்று வருகிற வண்டிதான் எனக்கு அதிகம். பெரும்பாலும் லைனர் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கேபிள் வறண்டு இறுகியிருக்கும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இந்த வண்டி அப்படி முடியவில்லை. பையனும் வீட்டாரும் எழுதலாம் என்றார்கள். பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை தொடங்கிய சமயம். ஒரு குட்டியானையில் ஏற்றி வந்து வண்டியை இறக்கினார்கள். 110 சி.சி. பைக். கூட வந்தது பையனின் தாய்மாமா. பையனுக்கு 18 முடிந்து சில மாதம் ஆகியிருந்தது, டிப்ளமா படிக்கிறான். இடது கையில் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு. எக்ஸ்ரேயில் மெல்லிய விரிசல் தெரிந்ததாம். இடது முழங்காலில் தோல் உரிந்திருந்தது. செருப்புப் போட்டு ஓட்டியதால் இடது கால் பெருவிரல் நகமும் போய்விட்டது. மாமா பின்னால் உட்கார்ந்திருந்தவர். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு.

“அண்ணே, நான் பிரேக் பிடிச்சேன். முழுசாப் பிடிச்சேன். நிக்கல்ல, கூடுதலா ஓடிச்சு” என்றான் பையன்.

“ரெண்டு வருஷமா சும்மா கெடந்த வண்டில்லா. உள்ள துருப்பிடிச்சிருக்கும்” என்றார் மாமா.

மாமா சொன்னது நியாயமான சந்தேகம். ஆனால் பையன் சொன்னதில் ஒரு சொல் எனக்கு உறுத்தியது. பிரேக் பிடிக்காத வண்டி ‘நிற்கவில்லை’ என்று சொல்வார்கள். பிடித்த பிறகு கூடுதலாக ஓடியது என்று யாரும் சொல்வதில்லை. பிரேக்கைப் பிடித்ததும் வண்டி வேகம் எடுக்க வேண்டுமென்றால் அவன் பிடித்தது பிரேக்காக இருக்க முடியாது.

பையனின் பின்னணி

அப்பா வெளிநாட்டில். இங்கே பாதி வீடுகளில் அதுதான் கதை. அவர் லீவுக்கு வந்தால் ஓட்டுவதற்கென்று வைத்திருந்த பைக், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வீட்டில் அன்றாடம் ஓடுவது அம்மாவின் ஸ்கூட்டர். அதை பையன் பத்தாம் வகுப்பிலிருந்தே ஓட்டுகிறான். ரேஷன் கடை, டியூஷன், அம்மாவை பஸ் ஸ்டாப்பில் விடுவது, திங்கள்சந்தையில் போய் சாமான் வாங்குவது எல்லாம் அதில்தான். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அதனால் வீட்டில் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை: பையனுக்கு வண்டி தெரியும், இனி கியர் போடக் கற்றுக்கொண்டால் போதும்.

இந்த நம்பிக்கையில்தான் விபத்து இருக்கிறது. அதற்கு முன்னால் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏனென்றால் ஒர்க்‌ஷாப்பில் வாரம் ஒருவராவது “பதினாறு வயசானா ஸ்கூட்டர் ஓட்டலாம்லா” என்று கேட்கிறார்கள். ஓட்ட முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 16 வயதில் ஓட்டலாம் என்பது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டி மட்டும். கடையில் இன்று விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் 100 சி.சி.க்கு மேல். மூட்டை ஏற்றுகிற எக்ஸ்.எல். வண்டிகூட 99.7 சி.சி. ஆக, அந்தச் சலுகை காகிதத்தில்தான் இருக்கிறது. 2019-இல் திருத்தம் வந்த பிறகு, 18 ஆகாத பிள்ளை ஓட்டி மாட்டினால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் குற்றவாளி: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இன்சூரன்ஸும் கைகொடுக்காது. எதிரே வந்தவருக்கு நஷ்ட ஈட்டைக் கம்பெனி முதலில் கட்டிவிட்டு, லைசென்ஸ் இல்லாத ஆளிடம் வண்டி கொடுத்ததற்காக உரிமையாளரிடம் வசூலிக்க வழி இருக்கிறது. அம்மா பெயரில் ஆர்.சி. புக் இருக்கிற வீட்டில் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

விழுந்த அன்றைக்கு மட்டும் காகிதம் எல்லாம் சுத்தம். எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் எடுத்திருந்தான், முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ ஒட்டியிருந்தது, பின்னால் லைசென்ஸ் உள்ள மாமா. எல்.எல்.ஆர். வைத்து ஓட்டும்போது சொல்லிக்கொடுக்கிற ஆளைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது, அதையும் மீறவில்லை. ஹெல்மெட்டை மாமா வற்புறுத்திப் போட வைத்து, கிளிப்பையும் மாட்ட வைத்திருக்கிறார். அதன் இடது பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்ததைப் பார்த்தேன். அந்த ஹெல்மெட்டை இனிப் போடாதே, ஒருமுறை அடி வாங்கியதன் உள்பஞ்சு நசுங்கியிருக்கும், ஐ.எஸ். 4151 முத்திரை உள்ளதாக வேறு வாங்கு என்று சொன்னேன்.

விழுந்த இடம்

எங்கள் மாவட்டத்தில் கிழக்கே நாஞ்சில் நாட்டுப் பக்கம் வயலும் குளமுமாகச் சமமாக இருக்கும். சுசீந்திரம், தேரூர் பக்கம் ஓட்டிப் பழகுகிறவனுக்கு ரோடு நேராகத் தெரியும், எதிரே வருகிற பஸ் தூரத்திலேயே தெரியும். மேற்கே கல்குளம், விளவங்கோடு தாலுகா அப்படியல்ல. வீடு மேட்டில், ரோடு பள்ளத்தில், இரண்டுக்கும் நடுவில் ரப்பர் தோட்டம். ஒரு ஏற்றம் முடியும் முன் இறக்கம், இறக்கத்தின் அடியிலேயே வளைவு, வளைவில் ஆள் உயரத்துக்கு காம்பவுண்ட் சுவர்.

இந்த இடமும் அப்படித்தான். தோட்டத்துக்கு நடுவே வருகிற சிமெண்ட் ரோடு நேராக இறங்கி, அடியில் சானல்கரை ரோட்டில் முட்டி, இடப்பக்கம் திரும்புகிறது. நேரே போனால் சானல். கோதையாறு பாசனத்துத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். ஜூனில் நிறைந்து ஓடும். கரையில் தடுப்பு எதுவும் இல்லை. சாய்வு ஏறக்குறைய எட்டடிக்கு ஓரடி. காலையில் பெய்த மழையில் ரோடு நனைந்திருந்தது.

பையன் இந்த இறக்கத்தில் ஸ்கூட்டரில் எத்தனையோ தடவை இறங்கியவன். அவனுக்கு ரோடு புதிது இல்லை. அன்றைக்கு பைக்கில் இரண்டாம் கியரில் மெதுவாகத்தான் இறங்கினான் என்று மாமாவும் சொல்கிறார். பாதி இறக்கத்தில் சானல்கரை ரோட்டில் ஒரு ஆட்டோ கடப்பதைப் பார்த்து வேகம் குறைக்க நினைத்திருக்கிறான். அங்கே இடது லிவரை இறுக்கினான். வண்டி ஓட ஆரம்பித்தது. அப்புறம் மாமா பின்னாலிருந்து “பிடிலே, பிடி பிடி” என்று கத்த, அவன் இன்னும் இறுக்க, ஆட்டோ தப்பித்துவிட்டது, வளைவு வந்துவிட்டது. திரும்ப முயன்று இடப்பக்கமாகச் சரிந்து, சானலுக்கு ஒரு முழம் இப்புறம் கிடந்தார்கள்.

பின்னால் எக்ஸ்.எல். வண்டியில், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒருவர் கேனோடு வந்திருக்கிறார். அவர்தான் தூக்கிவிட்டது. அவரை ஓரிரு நாள் கழித்து டீக்கடையில் பார்த்தபோது விசாரித்தேன். “சிவப்பு லைட்டு எரியவே இல்லையே. எதுக்கு பிரேக் அடிக்காம போறாம்னு நெனச்சேன்” என்றார். நனைந்த ரோட்டில் டயர் தடம் பார்க்க முடியாது. இந்தச் சாட்சி எனக்கு டயர் தடத்தைவிடப் பெரிதாக இருந்தது.

வண்டியைப் பிரித்தபோது

முதலில் பிரேக் லைட்டைப் பார்த்தேன். பல்ப் நன்றாக இருந்தது. வலது கை லிவரைத் தொட்டாலும் எரிந்தது, கால் பிரேக்கை மிதித்தாலும் எரிந்தது. ஆக, லைட் எரியவில்லை என்றால் இரண்டையும் அவன் தொடவில்லை என்று பொருள். கிளட்ச் லிவருக்கும் பிரேக் லைட்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

அடுத்து பிரேக். கால் பிரேக் பெடலில் 25 மி.மீ. அளவுக்கு ஆட்டம், இருக்க வேண்டிய அளவுதான். பின் டிரம்மைத் திறந்தேன். மாமா சொன்னபடி உள்ளே மெல்லிய துரு இருந்தது, ஆனால் ஷூ உரசுகிற இடத்தில் அது ஏற்கெனவே துடைத்துப் போயிருந்தது. லைனர் தடிமனாக இருந்தது. முன் டிரம் 130 மி.மீ. அதைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டி பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது, முன் ஷூ மட்டும் கம்பெனியிலிருந்து வந்ததுபோல் இருந்தது. அப்பாவும் முன் பிரேக்கைத் தொட்ட ஆள் இல்லை.

டயர் மோசம். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் 2216 என்று இருந்தது. 2016-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்த டயர். ரப்பர் கடினமாகி, பட்டன்களுக்கு நடுவே முடி போல வெடிப்பு. மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழைய டயர் சறுக்கி விழவைக்கும், வண்டியை வேகமாக ஓட வைக்காது.

சேதம் முழுக்க இடது பக்கம்: ஹேண்டில் முனை, இன்டிகேட்டர், லெக் கார்டு, ஃபுட் ரெஸ்ட், முனை உடைந்த கிளட்ச் லிவர். புது லிவர் மாட்டி, வேறு எதையும் சரிசெய்யாமல், மழை விட்ட ஒரு மாலையில் நானே அதே இறக்கத்தில் அதே இரண்டாம் கியரில் இறங்கிப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை மூடினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைத்தது. கால் பிரேக்கோடு நின்றது. இரண்டு பிரேக்கும் சேர்த்தால் நன்றாகவே நின்றது. அப்புறம் ஒரு தடவை, கீழே ரோடு காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, பாதி இறக்கத்தில் கிளட்சை மட்டும் பிடித்தேன். இன்ஜினின் பிடியிலிருந்து வண்டி விடுபட்டு ஓடியது. பையன் சொன்ன ‘கூடுதலா ஓடிச்சு’ அதுதான்.

கணக்குப் போட்டாலும் ஒத்து வருகிறது. எட்டுக்கு ஒன்று சாய்வில், இன்ஜின் பிடி இல்லாமல் உருளும் வண்டி மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் தொடங்கினால் மூன்று வினாடியில் 30-ஐத் தாண்டிவிடும். அதற்குள் 20 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். மூன்று வினாடி என்பது ‘பிரேக் பிடிக்கவில்லையே’ என்று திகைத்து, இன்னும் இறுக்கிப் பிடித்துப் பார்க்கிற நேரம்.

இடது கை கற்று வைத்திருந்தது

பையனை வண்டியில் உட்காரச் சொன்னேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டது, இன்ஜின் அணைத்தது. மாவுக்கட்டிலிருந்து நாலு விரலும் வெளியே தெரிந்தன. கையைச் சும்மா கைப்பிடிமேல் வை, வலது கையை ஆக்சிலேட்டரில் வை என்று சொல்லிவிட்டு, கால்பந்து பேச்சுக் கொடுத்தேன். அவன் தன் டீமைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது “நிறுத்து!” என்று கத்தினேன்.

மாவுக்கட்டிலிருந்த விரல் நாலும் லிவரை நோக்கி மடங்கின. வலிக்குமே என்று அவனுக்குத் தோன்றுவதற்கு முன்னாலேயே மடங்கின. அப்புறம்தான் “ஆ” என்றான். வலது கை அசையவே இல்லை. வலது கால் ஃபுட் ரெஸ்ட்டிலிருந்து கிளம்பி, தரையில் ஊன்றுவதற்காக வெளியே போய்விட்டது. கால் பிரேக் இருக்கிற இடத்தைவிட்டு விலகித்தான் போனது.

மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்கூட்டரில் இடது லிவர்தான் பின் பிரேக். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அதில் இன்னொரு சங்கதி சேர்ந்திருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி. வரையிலான புதிய வண்டிகளுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து வேலை செய்கிற ‘காம்பி’ பிரேக் அமைப்போ, அல்லது சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கிற ஏ.பி.எஸ்.ஸோ கட்டாயமாயிற்று, 125-க்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் வருவது காம்பி பிரேக். இடது லிவரை அழுத்தினால் பின் பிரேக்கோடு முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். பாதுகாப்புக்காகச் செய்தது, நல்ல ஏற்பாடு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதனால் இடது லிவர் ஒன்றை வைத்தே ஒருவன் வருடக்கணக்கில் ஓட்டிவிட முடிகிறது. வலது லிவர் எதற்கு என்று தெரியாமலே. இந்தப் பையன் பிடித்தது அப்படித்தான். மூன்று வருடம் இடது கை ஒவ்வொரு நாளும் பிரேக்காக வேலை செய்திருக்கிறது. அதே கைக்குக் கீழே அதே இடத்தில் பைக்கில் இருப்பது கிளட்ச்.

முன்பெல்லாம் பிள்ளைகள் சைக்கிளிலிருந்து நேராக பைக்குக்கு வந்தார்கள். கிளட்சை விடத் தெரியாமல் வண்டி துள்ளும், அணைந்து போகும், சுவரில் முட்டும். அதெல்லாம் முதல் வாரத்தில் மைதானத்திலேயே நடக்கிற விபத்து. ஸ்கூட்டரிலிருந்து வருகிற பிள்ளைக்கு அது நடப்பதில்லை. பேலன்ஸ் இருக்கிறது, ரோடு தெரிகிறது, அதனால் சொல்லிக்கொடுப்பவர் மைதானத்தைத் தாண்டி நேராக ரோட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறார். சமதளத்தில் இடது லிவரைப் பிடித்தாலும் வண்டி மெல்ல வேகம் குறைந்து நிற்கத்தான் செய்யும். தவறு வெளியே தெரியாது. இறக்கத்தில்தான் தெரியும், அதுவும் மழையில், வளைவுக்கு முன்னால்.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர் கத்தியது பையனுக்கு உதவவில்லை. “பிடி” என்றால் அவன் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுதான் இருந்தான். பயந்த நேரத்தில் எந்தக் கை, எந்தக் கால் என்று சொன்னால்தான் உடம்பு கேட்கும். இரண்டு பேர் எடையும் இறக்கத்தில் சேர்ந்தது. இறக்கம் உள்ள ரோட்டில் பழகும் முதல் நாட்களில் பின்னால் ஆள் வேண்டாம் என்பது என் கட்சி. கூடவே இன்னொரு வண்டியில் போகலாம், அல்லது நடந்து போகலாம்.

மறுபடி கற்றது

மாவுக்கட்டு இருக்கும்வரை கிளட்ச் பிடிக்க முடியாது. அது ஒருவகையில் வசதியாகப் போயிற்று. தினமும் மாலை கடைக்கு வருவான், ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் உட்காருவான். வலது கை, வலது கால் மட்டும். நான் ஸ்பேனரோடு வேறு வண்டியில் வேலை பார்த்துக்கொண்டே எப்போதாவது “நிறுத்து” என்பேன். முதலில் வலது கால் வெளியேதான் போனது. அப்புறம் பாதி வழியில் திரும்பி வந்தது. கடைசியில் நேராகப் பெடலுக்குப் போனது. வலது கை அதைவிடச் சீக்கிரம் பழகிவிட்டது. மற்ற கஸ்டமர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரியவர் வழக்கமான உபதேசத்தைச் சொன்னார்: “மக்கா, முன் பிரேக்க மட்டும் தொடாண்டாம், குப்புற அடிச்சிரும்.”

இந்த உபதேசத்தை நான் தினமும் கேட்கிறேன். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் ரோட்டில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. இறக்கத்தில் இன்னும் அதிகம். ஆகவே வண்டியை நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. குப்புற அடிப்பது, சறுக்குவது எல்லாம் திடீரென்று முழுக்க இழுத்தால், அல்லது ஹேண்டிலைத் திருப்பி வைத்துக்கொண்டு இழுத்தால், அல்லது மணலிலும் நனைந்த சருகிலும் இழுத்தால். ஹேண்டில் நேராக இருக்க, இரண்டு விரலால் மெல்ல ஆரம்பித்து அழுத்தத்தைக் கூட்டினால் ஒன்றும் ஆகாது. பெரியவரிடம் வாதாடவில்லை. அவர் வண்டியின் முன் ஷூவும் புதுசாகத்தான் இருக்கும்.

கட்டுப் பிரித்து, டாக்டர் கையை அசைக்கலாம் என்ற பிறகு சர்ச் மைதானத்துக்குப் போனோம். அங்கே ஒரு மூலையில் லேசான சாய்வு இருக்கிறது. இன்ஜினை ஆன் செய்யவே இல்லை. நியூட்ரலில் வண்டியை உருள விட்டு, கால் பிரேக்கால் நிறுத்துவது; பிறகு இரண்டாலும் நிறுத்துவது. இடது கையின் நாலு விரலும் கைப்பிடியைச் சுற்றி இருக்க வேண்டும், லிவர்மேல் ஒரு விரல்கூட இருக்கக் கூடாது. வண்டியை ஓட்டக் கற்பதற்கு முன்னால் நிறுத்தக் கற்பது இது. பையனுக்குச் சலிப்பாக இருந்தது. நாலு பேர் வந்து கேலி செய்தபோது முகம் வாடியது. சரி, அதையும் தாங்கிக்கொண்டான்.

அப்புறம் கிளட்ச். வழக்கமாக “ஆக்சிலேட்டர் கொடு, கிளட்சை விடு” என்றுதான் தொடங்குவார்கள். பிள்ளை பயத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும், வண்டி எகிறும். சமதரையில் முதல் கியரில், ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெல்ல விடச் சொன்னேன். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் சற்று அமுங்கும், வண்டி முன்னே நகரப் பார்க்கும். அதுதான் பிடிக்கிற இடம். இந்த மாதிரி வண்டிகள் சமதரையில் வெறும் ஐடிலிங்கிலேயே நடைவேகத்தில் நகரும். அந்த இடத்தைக் கை அறிந்துகொள்ளும்வரை நகர்வது, நிறுத்துவது, நகர்வது. ஆக்சிலேட்டர் அதற்கப்புறம்.

கியர் பழக்கத்தில் ஒன்று கவனித்துக்கொள்ள வேண்டும். சில வண்டிகளில் எல்லா கியரும் ஒரே பக்கம் மிதிக்கிற மாதிரி. சிலவற்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. கூட்டுக்காரன் வண்டியில் பழகிவிட்டு நம் வண்டியில் ஏறினால், கியரைக் குறைப்பதாக நினைத்துக் கூட்டிவிடுவான். பழகி முடிக்கும்வரை ஒரே வண்டி போதும்.

ஏற்றத்தில் எடுப்பது ஸ்கூட்டர் பிள்ளைகளுக்கு அடுத்த கண்டம். அவர்கள் நின்றதும் இரண்டு காலையும் ஊன்றுகிறார்கள். பைக்கில் வலது கால் பிரேக்கில் இருந்தாக வேண்டும், இடது கால் மட்டும் தரையில். கிளட்சைப் பிடிக்கிற இடம் வரைக்கும் விட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் சேர்த்து, இன்ஜின் சத்தம் கனத்ததும் வலது காலை மெல்ல எடுத்தால் வண்டி பின்னால் உருளாது. இதற்குத்தான் அவனுக்கு அதிக நாள் ஆனது. மாமா பொறுமையாக நின்று சொல்லிக்கொடுத்தார். இந்தமுறை “பிடி” என்று சொல்லவில்லை. “வலது கால்” என்றே சொன்னார்.

இடையில் வீட்டில் ஒரு பிரச்சினை. பழகி முடிக்கும்வரை ஸ்கூட்டரைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். காலையில் ஸ்கூட்டர், மாலையில் பைக் என்றால் மாலையில் அழிக்கிற பழக்கத்தைக் காலையில் மறுபடி எழுதிவிடுவான். அம்மா கடைக்கே வந்துவிட்டார். “வீட்டுல வேற ஆம்பள இல்ல அண்ணே, சாமானம் ஆரு வாங்குவா?” அவர் சொல்வதும் சரிதான். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம்: ஸ்கூட்டர் ஓட்டலாம், ஆனால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் வலது லிவரும் சேர வேண்டும். இடது தனியாகக் கூடாது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது என்று நினைக்கிறேன். வீட்டில் ஸ்கூட்டர் மட்டுமே இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

ரோட்டுக்கு வந்தபின்

எந்த ரோட்டுக்கு எப்போது போவது என்பதை மாமாவே வரிசைப்படுத்தினார். முதலில் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் தேரூர்ப் பக்கம், வயலுக்கு நடுவே நேரான ரோடு. பிறகு சானல்கரை ரோடு. அங்கே மழைக்காலத்தில் ஓரத்து மண் இளகியிருக்கும், எதிரே மினி பஸ் வந்தால் ஒதுங்குவதற்காகத் தார் ஓரத்தைவிட்டு இறங்கக் கூடாது, முன்கூட்டியே நின்றுவிட வேண்டும். பிறகுதான் விழுந்த அந்த இறக்கம். மேலே நின்று இரண்டாம் கியரைப் போட்டு, இடது விரல்களைக் கைப்பிடியில் சுற்றி, இன்ஜின் பிடியிலேயே இறங்குவது. கிட்டத்தட்ட நின்ற பிறகுதான் கிளட்ச். மாமா இந்தத் தடவை கீழே சானல் கரையில் நின்றுகொண்டார்.

நெடுஞ்சாலையைக் கடைசிக்கு வைத்தது நல்ல முடிவு. களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் போகிற ரோடு ஊருக்கு ஊர் குறுகுகிறது. கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகள் அதில்தான். லாரியின் இடப்பக்கத்தில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே டிரைவருக்கு நம் வண்டி தெரியாது. வளைவில் லாரி திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டி வரும். இடப்பக்கம் நுழைந்து முந்துவது வேண்டவே வேண்டாம் என்பதைப் பையனை நின்ற லாரியின் பக்கத்தில் நிறுத்திக் காட்டினேன். டிரைவர் சீட்டில் அவனையே ஏற்றி உட்கார வைத்து, மாமாவைப் பக்கவாட்டில் நிற்கச் சொன்னோம். “மாமாவக் காணல” என்றான். லாரிக்காரர் சிரித்தார்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் இன்னும் போகவில்லை. காற்றாலைகள் சுற்றுகிற முப்பந்தல் கணவாய்க் காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பக்கவாட்டில் தள்ளும். பஸ் கடந்து போகும்போது காற்று ஒரு நொடி நின்று மறுபடி அடிக்கும், அப்போது லேசான வண்டி ஒரு முழம் நகர்ந்துவிடும். அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமா சொல்லிவிட்டார்.

இப்போது

எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம், ஆறு மாதம் வரை செல்லும். கை ஆறும்வரை காத்திருந்ததால் இவன் கடைசி வாரங்களில்தான் போனான். எட்டுப் போட்டான், கால் ஊன்றவில்லை. ஹாஃப் கிளட்சில் பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே சுற்றினால் எட்டு எளிது. மைதானத்திலேயே அது வந்துவிட்டது. எட்டுப் போடுவது சமதரையில். இவன் விழுந்த காரணத்தை அந்தச் சோதனையில் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. விழுவதற்கு முந்தின நாள் டெஸ்ட் வைத்திருந்தாலும் கொஞ்சம் பழகியிருந்தால் தேறியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு டயரும் மாற்றினோம். ஷூ போட்டு ஓட்டுகிறான்.

சமீபத்தில் வண்டி சர்வீசுக்கு வந்தது. ஆயில் மாற்றி, செயினை இறுக்கிவிட்டு, இரண்டு டிரம்மையும் திறந்தேன். பின் ஷூ தேய்ந்த அளவுக்கு முன் ஷூவும் தேய்ந்திருந்தது. முன் கேபிளில் இரண்டு திருகு கொடுத்து ஆட்டத்தைச் சரிசெய்து, துணியால் துடைத்து வெளியே நிறுத்தினேன். அம்மாவின் ஸ்கூட்டரையும் ஒருநாள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதன் முன் பிரேக்கையும் திறந்து பார்க்க வேண்டும்.